வறுக்கும் அடுப்பும் நம்பிக்கையும்: இலண்டன் இல்லங்களில் காப்பிக்கொட்டை வறுத்தலும் அதன் தமிழ்த் தொடர்பும்

முன்னுரை

தமிழர் வாழ்வில் காப்பி பெற்ற இடம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கோப்பையிலிருந்தும் உணவு விடுதியிலிருந்தும் தொடங்குகின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) என்னும் நூல், காலனியக் காலத் தமிழ்ச் சமூகத்தில் இப்பானம் எழுப்பிய பண்பாட்டு விவாதங்களை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. இலங்கை மலையகத் தமிழர் வரலாற்றை எழுதியோர் காப்பித் தோட்டத்திலிருந்து தொடங்கினர். தோட்டத்திற்கும் கோப்பைக்கும் இடையே நிகழும் ஒரு செயல், அதாவது கொட்டையை வறுத்தல், இவ்விரு வரலாறுகளுக்கும் நடுவே போதிய கவனம் பெறாமல் நிற்கிறது.

காப்பிக்கொட்டை பச்சையாகவே கடல் கடந்தது. உலர்ந்த பச்சைக்கொட்டை பல மாதங்கள் கெடாது. வறுத்த கொட்டையோ சில வாரங்களில் மணம் இழக்கும். பொடித்தபின் அதனினும் விரைவில் இழக்கும். ஆதலின் வறுக்கும் அடுப்பு எப்போதும் குடிப்பவருக்கு அருகிலேயே இருந்தது. அவ்வடுப்பு வீட்டில் இருந்ததா, கடையில் இருந்ததா என்பது சுவை பற்றிய வினா மட்டுமன்று. யாரை நம்பிக் குடிப்பது என்னும் வினாவும் ஆகும். இலண்டன் மாநகரில் இவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளையும், அவ்விடைகளோடு தமிழரின் உழைப்பும் குடிப்பழக்கமும் பிணைந்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வீட்டிலிருந்து கடைக்கு

இலண்டனின் முதற் காப்பிக்கடை 1652ஆம் ஆண்டளவில் கார்ன்ஹில் பகுதியின் செயின்ட் மைக்கேல் சந்தில் தொடங்கியது. அதனை நடத்தியவர் பாஸ்குவா ரோசே. அவர் துருக்கி நாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த டேனியல் எட்வர்ட்ஸ் என்பவரிடம் பணியாளாக இருந்தவர். எட்வர்ட்ஸின் இல்லத்தில் ரோசே ஆக்கிய காப்பியை அருந்த நண்பர் கூட்டம் பெருகியதால் தனிக்கடை வைக்க நேர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இதன்படி நோக்கினால், இலண்டனின் பொதுக் காப்பி ஒரு வீட்டு அடுப்பிலிருந்தே பிறந்தது எனலாம்.

கடைக்குச் சென்ற அடுப்பு அண்டை வீட்டாரின் வெறுப்பையும் ஈட்டியது. ஃபிளீட் தெருவில் ‘ரெயின்போ’ என்னும் காப்பிக்கடையை நடத்திய ஜேம்ஸ் ஃபார் என்பவர்மீது 1657இல் வட்டார விசாரணைக் குழுவினர் குற்றம் சாட்டினர். காப்பி காய்ச்சுவதால் எழும் தீய நாற்றமும், இரவும் பகலும் அணையாத நெருப்பும், அதனால் புகைபோக்கியில் தீப்பற்றியதும் குற்றச்சாட்டில் இடம்பெற்றன. இன்று கடைத்தெருவில் நடப்போரை ஈர்க்கும் வறுவல் மணம், பழகாத மூக்கிற்கு அன்று நாற்றமாகவே பட்டது. மணம் என்பதும் பழக்கத்தால் கற்றுக்கொள்ளப்படுவது என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் காப்பிக்கடைகளை மூடுமாறு ஆணை பிறப்பித்து, எதிர்ப்பின் காரணமாக அடுத்த மாதமே அதனைத் திரும்பப் பெற்றார். இவ்வாணைக்குக் காரணம் காப்பியன்று. கடைகளில் நிகழ்ந்த அரசியல் பேச்சு. காப்பிக்கடையின் இவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதே காலத்தில் இல்லங்களிலும் காப்பி நுழைந்துகொண்டிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

2. எடைக்குறைவும் ஐயமும்

வறுக்கும்போது கொட்டையின் ஈரம் ஆவியாகிறது. உமிபோன்ற மெல்லிய தோல் கழன்று விழுகிறது. நூறு ராத்தல் பச்சைக்கொட்டை வறுபட்டபின் ஏறத்தாழ எண்பது முதல் எண்பத்தைந்து ராத்தலாகக் குறையும். வறுத்து விற்பவருக்கு இது இழப்பு. அவ்விழப்பை ஈடுசெய்யச் சூடான கொட்டையின்மீது நீரைத் தெளிப்பதும், வெண்ணெயோ கொழுப்போ சேர்ப்பதும் எளிய வழிகளாயின. 1718ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இச்செயல்களைப் பெயர் சுட்டித் தடை செய்து, மீறுவோருக்கு 20 பவுன் தண்டம் விதித்தது. சட்டம் ஒன்று இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது எனில், அக்குற்றம் அரிதாக நிகழ்ந்ததாக இருக்க இயலாது.

இப்பின்னணியில்தான் இலண்டன் காப்பி வணிகர் ஹம்ஃப்ரி பிராட்பென்ட் 1722இல் வெளியிட்ட ‘தி டொமெஸ்டிக் காஃபி-மேன்’ என்னும் சிறுநூலை வைத்துப் பார்த்தல் வேண்டும். தலைப்பே இல்லத்தை முன்னிறுத்துகிறது. சிறு துளைகள் நிறைந்த இரும்புக் கலத்தைக் கம்பியில் கோத்துக் கரி நெருப்பின்மேல் இடைவிடாது சுழற்ற வேண்டும் என்றும், கருகாதிருக்க அவ்வப்போது குலுக்க வேண்டும் என்றும், இறக்கியதும் தகட்டில் பரப்பி வெப்பம் தணிக்க வேண்டும் என்றும் அவர் முறை வகுக்கிறார். இவற்றினும் முதன்மையானது அவர் கூறும் காரணம். ஒவ்வொரு குடும்பமும் தன் காப்பியைத் தானே வறுத்துக்கொண்டால் கெட்ட கொட்டையிலிருந்தும் எடைகூட்டும் சூழ்ச்சியிலிருந்தும் தப்பலாம் என்பது அவர் வாதம். ஆலந்து நாட்டு மேன்மக்களுள் பெரும்பாலோர் அவ்வாறு செய்வதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

காப்பி விற்கும் வணிகரே வீட்டில் வறுக்குமாறு அறிவுறுத்துவது முரணாகத் தோன்றலாம். ஆயின் பச்சைக்கொட்டை விற்பவருக்கு அதில் இழப்பில்லை. எடைக்குறைவு வாங்கியவரின் வீட்டில் நேர்கிறது. பழியும் ஐயமும் வணிகரைச் சேர்வதில்லை. வீட்டு வறுவல் என்னும் அறிவுரை இரு தரப்பாருக்கும் இடையே நம்பிக்கையைப் பங்கிடும் ஓர் ஏற்பாடாக இருந்தது.

3. மலையகத்திலிருந்து மின்சிங் லேன் வரை

பிராட்பென்ட் காலத்து இலண்டன் இல்லத்தில் வறுபட்ட கொட்டை பெரும்பாலும் ஏமன் நாட்டு மோக்கா துறையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. அடுத்த பத்தாண்டில் கம்பளை, பேராதனைப் பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதை அடுத்து அங்கு விளைச்சல் குன்றியது. 1835இல் கீழைத் தேசக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் பிரித்தானியச் சுங்கம் சமமாக்கப்பட்டது. இக்காரணங்களால் 1840களில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருவேகத்தில் விரிந்தன. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏற்றுமதி ஏறத்தாழ பத்து இலட்சம் அந்தரை எட்டியது. அக்காப்பியின் பெருஞ்சந்தை இலண்டனின் மின்சிங் லேன்.

இத்தோட்டங்களைத் தாங்கியவர்கள் மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் வட்டாரங்களிலிருந்து சென்ற தமிழர்கள். இராமேசுவரம் வழியாக மன்னார் கடந்து, மாத்தளை நோக்கிய காட்டுவழியில் கங்காணியர் தலைமையில் அவர்கள் நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். காப்பிப் பயிருக்கு ஆண்டு முழுதும் ஒரே அளவு ஆள் தேவையில்லை; பழம் பறிக்கும் பருவத்தில் மிகுதியாகத் தேவை. ஆகவே பலர் பருவத்திற்கு வந்து ஊர் திரும்பினர். பழத்தைப் பறித்துச் சதை நீக்கிக் கழுவிக் காயவைப்பது தோட்டத்தில் நிகழ்ந்தது. பின்னர் மாட்டு வண்டிகளும், 1867க்குப்பின் கண்டி இருப்புப்பாதையும் அதனைக் கொழும்பில் சேர்த்தன. அங்குள்ள பண்டகசாலைகளில் மேல்தோடு உடைக்கப்பட்டு, பெண்களின் கைகளால் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறியது.

இலண்டன் விலைக்கும் தமிழர் கூலிக்கும் இருந்த நேர்த்தொடர்பு 1847–48 நெருக்கடியில் வெளிப்பட்டது. இலண்டனில் காப்பி விலை சரிந்ததும் தோட்டங்கள் பல கைவிடப்பட்டன; தொழிலாளருக்குச் சேரவேண்டிய கூலி நிலுவையில் நின்றது. கொட்டையின் தூய்மை குறித்து இலண்டனில் நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்த விவாதத்தில், அக்கொட்டையைப் பறித்தவருக்குக் கூலி கிடைத்ததா என்னும் கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

தமிழில் இத்தோட்ட வாழ்வு அச்சேறியதும் இக்காலத்தில்தான். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. மலையக இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அதே 1869இல் இலங்கைக் காப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத்துருநோய் காணப்பட்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டு, எம். ஜே. பெர்க்லி அக்காளானுக்கு ‘எமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டு இலண்டனின் ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழில் வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி சாய்ந்து தேயிலை எழுந்தது. பருவந்தோறும் வந்து திரும்பிய தொழிலாளர், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் நிலையான குடிகளாயினர்.

4. சிக்கரியும் நுண்ணோக்கியும்

இலங்கைக் காப்பி இலண்டனில் பெருகிய அதே காலத்தில், அங்கு வீட்டு வறுவல் குன்றத் தொடங்கியது. மளிகை வணிகர் பெரிய உருளைகளில் வறுத்து, அரைத்து, தூளாகவே விற்றனர். கொட்டை தன்னை மறைக்காது. தூளோ எதனையும் மறைக்கும். வறுத்த சிக்கரிக் கிழங்கின் தூள் காப்பித்தூளோடு கண்ணுக்குத் தெரியாமல் கலந்தது. 1840இல் அரசின் நிதித்துறை அக்கலவையை விற்க இசைவளித்திருந்தது. மலிவுக் காப்பி தெருவுக்கும் வந்தது. ஹென்றி மேஹியூ இலண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய நூலில் தெருக் காப்பி விற்பனையாளரையும் அவர்கள் சேர்க்கும் சிக்கரியையும் பதிவு செய்துள்ளார்.

காப்பித் தோட்டத்தாரும் வணிகரும் இதனை எதிர்த்தனர். சிக்கரி கலந்த அளவுக்குக் காப்பியின் விற்பனை குறைகிறது என்பது அவர்களின் முறையீடு. காப்பியில் கலந்த சிக்கரியை வேதியியலால் கண்டறிய இயலாது என்னும் கருத்தை நிதியமைச்சர் சார்லஸ் வுட் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாசல் நுண்ணோக்கியின் துணையோடு அதனை மறுத்தார். காப்பி ஒரு வித்து. அதன் உயிரணுக்கள் தடித்த சுவருடையவை, எண்ணெய்த் துளிகள் கொண்டவை. சிக்கரி ஒரு வேர். நீர் கடத்தும் குழாய்களும் மெல்லிய சுவருடைய பெரிய அணுக்களும் அதில் உண்டு. வறுத்தாலும் அரைத்தாலும் இவ்வேறுபாடு முற்றிலும் அழிவதில்லை. தாமஸ் வாக்லியின் ‘லான்செட்’ இதழ் 1851 முதல் ஹாசலின் ஆய்வுகளை விற்பனையாளரின் பெயர், முகவரியோடு வெளியிட்டது.

அரசு தடுமாறியது. 1852இல் கலவைக்குத் தடை வந்தது. 1853இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது, ‘சிக்கரியும் காப்பியும் கலந்தது’ எனப் பொதியின்மேல் குறிப்பிட்டால் விற்கலாம் என்னும் தீர்வு எட்டப்பட்டது. 1875இன் உணவு மற்றும் மருந்து விற்பனைச் சட்டம் இதனை மேலும் உறுதிப்படுத்தியது. பிராட்பென்ட் வீட்டு அடுப்பிடம் ஒப்படைத்த நம்பிக்கை, இவ்வாறு நுண்ணோக்கிக்கும் பொதிச்சீட்டுக்கும் கைமாறியது.

இம்மாற்றத்தின் அளவை இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட இல்ல மேலாண்மை நூல் காட்டுகிறது. காப்பிக்கொட்டையை வறுக்கும் முறை அதில் பிரெஞ்சு முறை என்னும் குறிப்போடு இடம்பெறுகிறது. சிறிதளவு வெண்ணெய் சேர்க்கவும் அது சொல்கிறது. 1722இல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியதாகக் கூறப்பட்ட செயல், 1861இல் அயல்நாட்டு வழக்கமாக அறிமுகப்படுத்தப்படுகிறது. 1718இல் தண்டத்திற்குரிய வெண்ணெயும், வீட்டுக்காரரே தம் விருப்பத்தால் சேர்க்கும்போது சுவைக்கூறாகிவிடுகிறது. கலப்படம் என்பது பொருளில் மட்டும் இல்லை; யார், யாருக்குத் தெரியாமல் சேர்க்கிறார் என்பதிலும் உள்ளது.

5. தமிழ் இல்லத்து வறுவல்

இலண்டன் இல்லத்தில் அணைந்துகொண்டிருந்த அடுப்பு, தமிழ் இல்லத்தில் அதன்பின் மூண்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பச்சைக்கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்பது வழக்கமாக இருந்தது. கரியடுப்பின்மேல் இரும்பு வாணலியில் கிளறியோ, கைப்பிடி பூட்டிய உருளையைச் சுழற்றியோ வறுத்தனர். மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய கைச்சுற்று இயந்திரத்தில் அன்றன்றைக்கு அரைத்தனர். எந்நிறத்தில் இறக்குவது, பீபெர்ரியையும் பிளான்டேஷனையும் எவ்விகிதத்தில் சேர்ப்பது என்பன அவ்வவ்வீட்டின் அறிவாகப் பெண்களிடம் தங்கின. யாழ்ப்பாணத்து வழக்கம் சற்று வேறு. அங்கு அது ‘கோப்பி’. சட்டியில் வறுத்த கொட்டையை உரலில் இடித்து அரித்தெடுப்பர். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிப்பதும் உண்டு. தடிமன் கண்டபோது அது மருந்துமாகும்.

இவ்வில்லங்களிலும் வீட்டு வறுவலுக்குப் பின்னால் ஐயம் இருந்தது. கடைத்தூளில் புளியங்கொட்டை கலந்திருக்கும் என்னும் பேச்சு தமிழர் பலருக்கும் பழக்கமானது. ஆனால் இலண்டனில் நிகழ்ந்ததுபோல் நம்பிக்கை நேரே பொதிச்சீட்டுக்குச் செல்லவில்லை. இடையில் ஒரு நிலை இருந்தது: வாங்குபவர் கண்ணெதிரே கொட்டையை நிறுத்து, அரைத்து, சூடு ஆறுமுன் கட்டித்தரும் காப்பித்தூள் கடை. வீட்டு அடுப்பைக் கைவிட்ட குடும்பம் அடுப்பின்மேல் வைத்த கண்ணைக் கைவிடவில்லை.

சிக்கரியின் கதை மேலும் வியப்பிற்குரியது. இலண்டனில் தோட்டத்தாரும் மருத்துவரும் எதிர்த்த அப்பொருள், தமிழ்நாட்டு வடிகட்டிக் காப்பியில் திண்மையும் நிறமும் தரும் கூறாக ஏற்கப்பட்டது. காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்றும், கலவை என்பதைப் பொதியில் குறிக்க வேண்டும் என்றும் இந்திய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் வகுத்தன. 1853இல் இலண்டனில் எட்டிய தீர்வின் சாயல் இவ்விதியில் தெரிகிறது. ஆயின் தமிழ்நாட்டில் வாங்குபவரே கடையில் நின்று ‘இவ்வளவு சிக்கரி போடுங்கள்’ எனக் கேட்டு வாங்குகிறார். மறைவு நீங்கியதும் கலப்படம் கலவையாயிற்று.

6. இலண்டன் திரும்பிய காப்பி

1960கள் முதல் தொழில் நாடியும் கல்வி நாடியும் வந்த தமிழரோடு, 1983க்குப்பின் இலங்கையிலிருந்து ஏதிலியராக வந்தோரும் சேர, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ முதலிய இடங்களில் தமிழர் கடைகள் பெருகின. அவற்றின் அடுக்குகளில் தமிழ்நாட்டுச் சிக்கரிக் கலவையும் மல்லி சேர்த்த யாழ்ப்பாணக் கோப்பித்தூளும் அருகருகே உள்ளன. ஒருகாலத்தில் பச்சைக்கொட்டையாக இவ்வூருக்கு வந்த பொருள், இப்போது ஊரிலேயே வறுபட்டுத் தூளாக வருகிறது. கொட்டை கெடாது, தூள் கெடும் என்னும் பழைய வணிக நியதியைக் காற்றுப்புகாப் பொதியும் வானூர்தியும் தளர்த்திவிட்டன. தன் ஊர் வறுவலின் மணமே காப்பி எனக் கருதும் புலம்பெயர்ந்தோர், அவ்வறுவலையும் சேர்த்தே வாங்குகின்றனர்.

மறுபுறம், இலண்டன் நகரத்தார் சிலரிடையே வீட்டு வறுவல் மீண்டும் தோன்றியுள்ளது. தோட்டத்தின் பெயர், உயரம், பதப்படுத்திய முறை ஆகியன குறிக்கப்பட்ட பச்சைக்கொட்டைப் பொதிகள் சிறு அளவுகளில் விற்கப்படுகின்றன. சோளப்பொரி இயந்திரத்திலும் சிறு மின் உருளையிலும் வறுப்போர், கொட்டை வெடிக்கும் முதல் ஓசைக்குக் காதுகொடுத்து நிற்கின்றனர். புகையறி கருவி அலறாதபடி சன்னலைத் திறப்பதும் அவர்தம் செய்முறையில் ஒன்று. ஜேம்ஸ் ஃபாரின் அண்டை வீட்டார் எழுப்பிய சிக்கல் இன்னும் முழுதும் தீர்ந்தபாடில்லை. இப்புதிய வறுவலாளர் தேடுவது கலப்படத்திலிருந்து காப்பன்று. கொட்டை எங்கிருந்து வந்தது, விளைவித்தவர் யார், அவருக்கு உரிய விலை கிடைத்ததா என்பவற்றை அறிய விழைவோரும் அவருள் உளர். 1848இல் கேட்கப்படாத கேள்வி, மிகக் காலந்தாழ்ந்து, ஒரு பச்சைக்கொட்டைப் பொதியின்மேல் இடம்பெறத் தொடங்கியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, வீட்டு வறுவல் இலண்டனில் சுவைக்காக மட்டும் பரிந்துரைக்கப்படவில்லை. எடைகூட்டும் சூழ்ச்சிக்கு எதிரான காப்பாகவும் பரிந்துரைக்கப்பட்டது. இரண்டாவது, அந்நம்பிக்கை வீட்டு அடுப்பிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கும் பொதிச்சீட்டுக்கும் இலண்டனில் மாற, தமிழ்நாட்டில் கண்ணெதிரே அரைக்கும் கடை என்னும் இடைநிலை உருவாயிற்று. மூன்றாவது, இவ்விரு வரலாறுகளிலும் நம்பிக்கை வேண்டியவர் குடிப்பவராகவே இருந்தார். கொட்டையைத் தந்த தமிழ்த் தொழிலாளரின் உரிமை அக்கணக்கில் சேரவில்லை.

காப்பியின் தமிழ் வரலாற்றைத் தோட்டம், அடுப்பு, கோப்பை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து எழுதும்போதுதான் இக்குறை கண்ணுக்குப் படும். இலண்டன் வாழ் தமிழ் முதியோர் பலர் வீட்டில் கொட்டை வறுத்த நினைவோடு இன்றும் உள்ளனர். தமிழ்நாட்டு இல்லம், யாழ்ப்பாணத்து இல்லம், மலையக லயம் ஆகிய மூவகைப் பின்புலத்தாரும் ஒரே நகரில் வாழ்வது இத்துறைக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. அவர்களின் வாய்மொழி நினைவுகளைத் தொகுப்பது இவ்வாய்வின் அடுத்த படியாக அமையும். அப்பணி காலந்தாழ்த்தாது தொடங்கப்படுதல் வேண்டும்.